மின் ஆய்வகக் குறிப்பேட்டில் மோல் கணக்கு இடிக்கிறது

குடுவை: காப்பர் சல்ஃபேட் 10 மில்லிமோல் என்று கொடுத்தால் அட்டவணை 1.596 கிராம் காட்டுகிறது. அதையே தராசில் நிறுத்துப் போட்டும் வினை முழுதாக முடியவில்லை. வார்ப்புருவில் எதை மாற்றுவது?

வடிதாள்: பாட்டிலில் இருப்பது நீலப் படிகமா? அப்படியானால் அது பென்டாஹைட்ரேட், அதாவது ஐந்து நீர் மூலக்கூறு சேர்ந்தது, மோலார் நிறை 249.69. நீங்கள் போட்டது வெறும் 6.4 மில்லிமோல், 2.497 கிராம் வேண்டும். நீரில்லாமல் மூலக்கூறு அமைப்பை வரைந்தால் மென்பொருள் 159.61-ஐத்தான் எடுக்கும், அதன் மேல் பழியில்லை. படிக நீர், தூய்மைச் சதவீதம், லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மூன்றையும் கட்டாயப் புலமாக்குங்கள்.

துளிமானி: கரைசலாக வரும் பியூட்டைல் லித்தியத்துக்கு லேபிளில் உள்ள 2.5 மோலார் செறிவை அப்படியே ஏற்றாதீர்கள். டைட்ரேஷன் செய்து நீங்களே அளந்த செறிவை, தேதியோடு ஏற்றுங்கள்.

குடுவை: நீலம்தான்! பழைய பதிவை என்ன செய்ய?

வடிதாள்: அழிக்காதீர்கள். தராசில் நிறுத்த எடை அப்படியே இருக்கட்டும். மோலை மட்டும் திருத்தி, காரணம் எழுதித் தேதியிடுங்கள்.