நான்ஸ்டிக் பானைக் கெடுப்பது கீறலா, தீயா? என் அனுபவம்

எட்டு வருஷத்தில் மூன்று நான்ஸ்டிக் பான் வாங்கிவிட்டேன். முதல் இரண்டும் ஒன்றரை வருஷம்கூடத் தாங்கவில்லை. மூன்றாவதுக்கு இது ஐந்தாவது வருஷம், இன்னமும் முட்டையை உடைத்து ஊற்றிப் பானைச் சாய்த்தால் போதும், கரண்டி படாமலே தட்டுக்கு வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. மூன்றும் ஏறக்குறைய ஒரே ரகம்தான். நான் பயன்படுத்தும் விதம்தான் மாறியிருக்கிறது.

முதல் பான் கெட்டபோது கீறல்தான் காரணம் என்று முடிவு கட்டி, ஸ்டீல் கரண்டிகளை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு மரக் கரண்டிக்கு மாறினேன். இரண்டாவது பானில் ஒரு கீறல்கூடக் கிடையாது. ஆனாலும் பத்தாவது மாதமே முட்டை நடுவில் ஒட்ட ஆரம்பித்தது, ஓரத்தில் மட்டும் ஒட்டவில்லை. ஜன்னல் பக்கம் எடுத்துப் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாக, லேசான பழுப்பாக ஒரு வட்டம். கழுவித் துடைத்த பிறகும் விரல் வைத்தால் அந்த இடம் மட்டும் பிசுபிசுத்தது. கோட்டிங் போய்விட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டேன், இப்போது நினைத்தாலும் மனசு கேட்கவில்லை. ஏனென்றால் கோட்டிங் அப்படியேதான் இருந்தது, அதன் மேல் எண்ணெய் கருகிப் படிந்திருந்தது, அவ்வளவுதான்.

இரும்புக் கல்லைப் பழக்கும்போது என்ன செய்கிறோம்? எண்ணெய் தடவிச் சூடேற்றச் சூடேற்ற அது இறுகி, வார்னிஷ் பூசிய மாதிரி ஒரு படலமாக ஆகிவிடும். இரும்பில் அதுதான் நமக்கு வேண்டும். நான்ஸ்டிக்கில் அதே படலம் வந்தால் எல்லாம் ஒட்டும். தீ எங்கே அதிகமாகப் படுகிறதோ அங்கேதான் முதலில் வரும், அதனால்தான் நடுவில் வட்டம். ஸ்ப்ரே எண்ணெய் அடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும், அதில் சேர்க்கும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருள் சூட்டில் பசை மாதிரிப் பிடித்துக்கொள்கிறது. மூன்றாவது பானிலும் ஒரு தடவை இப்படி ஆனது. தண்ணீர் ஊற்றி, இரண்டு ஸ்பூன் பேக்கிங் சோடா போட்டு, பத்து நிமிஷம் மெதுவாகக் கொதிக்கவிட்டு, ஆறிய பிறகு மெத்தென்ற ஸ்பாஞ்சால் தேய்த்தேன். ஸ்பாஞ்ச் பழுப்பாக மாறியது, பான் பழையபடி வழுக்கியது. தூக்கிப் போடுவதற்கு முன்னால் தயவுசெய்து எல்லோரும் இதை ஒரு தடவை செய்து பாருங்கள்.

அப்புறம் தீ. காலிப் பானை அடுப்பில் வைத்துத் தீயை முழுசாகத் திறந்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போவது என் வழக்கம். இந்தக் கோட்டிங் பிடிஎஃப்இ என்ற பொருள், டெஃப்லான் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரியும். 260 டிகிரி செல்சியஸ் வரைக்கும் அதற்கு ஒன்றும் ஆகாது. அதைத் தாண்டினால் மெல்ல மெல்லச் சிதைய ஆரம்பிக்கும், 350 டிகிரிக்கு மேல் வேகமாகச் சிதைந்து புகை விடும். உள்ளே எண்ணெயோ தண்ணீரோ இல்லாத மெல்லிய பான் முழுத் தீயில் அந்தச் சூட்டுக்குப் போகச் சில நிமிஷம் போதும். நான் நறுக்கி முடிப்பதற்குள் போயிருக்கும்.

இதன் பின்னால் ஒரு கதை உண்டு, எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1938 ஏப்ரல் 6 அன்று டூபாண்ட் என்ற அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் ஒரு வாயு சிலிண்டரைத் திறந்தார். வாயு வரவில்லை, ஆனால் சிலிண்டரின் எடை குறையவே இல்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வழவழப்பான வெள்ளைத் தூள். அதுதான் பிடிஎஃப்இ. எதனோடும் ஒட்டாத அந்தப் பொருளை அலுமினியத்தில் ஒட்டவைக்கப் பல வருஷம் ஆனது. பிரான்ஸில் மார்க் கிரிகோயர் என்ற பொறியாளர் 1950களில் அதற்கு வழி கண்டுபிடித்தார், அவர் மனைவிதான் அதைப் பாத்திரத்தில் செய்து பார்க்கச் சொன்னாராம். அந்தப் பாத்திரங்களைச் செய்ய 1956இல் டெஃபால் நிறுவனம் ஆரம்பமானது. இன்றைக்கும் உலோகத்தைச் சொரசொரப்பாக்கி அதன் மேல்தான் கோட்டிங்கைப் பிடிக்கவைக்கிறார்கள். ஆகவே பலவீனமான இடம் அந்தப் பிடிப்புதான். கொதிக்கும் பானைக் குழாயடியில் காட்டிச் 'சுர்ர்' என்று சத்தம் வரும்போது உலோகம் ஒரு அளவு சுருங்கும், கோட்டிங் வேறு அளவு சுருங்கும். அடிப்பாகம் வளைவதும் இதனால்தான். நான் இப்போது அடுப்பிலேயே விட்டு ஆறவைத்துத்தான் கழுவுகிறேன். டிஷ்வாஷரில் போடச் சொல்லி அட்டையில் எழுதியிருந்தாலும் போடுவதில்லை, அந்தப் பவுடரின் காரம் கோட்டிங்குக்கு ஆகாது.

சூட்டைப் பார்க்க ஒரு துண்டு வெண்ணெய் போதும். போட்டதும் உருகி நுரைத்தால் சரியான பதம். உடனே பழுப்பாகிப் புகைந்தால் சூடு அதிகம், அடுப்பை அணைத்துவிட வேண்டும். தண்ணீர்த் துளி உருண்டு ஓடுகிறதா என்று பார்ப்பது ஸ்டீல் பாத்திரத்துக்கான பரிசோதனை, இதில் அதைச் செய்ய வேண்டாம்.

*

(வாசகர் ஒருவரின் பதில்) பறவை வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு லவ் பேர்ட்ஸ் இருந்தன, கூண்டு சமையலறை வாசலை ஒட்டி. ஒரு நாள் பானை அடுப்பில் வைத்துவிட்டு போன் பேச வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஒரு மாதிரி வாடை, பெரிய புகைகூட இல்லை. ஒன்று கூண்டின் அடியில் கிடந்தது, இன்னொன்று வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, கையில் எடுத்து வெளியே ஓடினேன், அரை மணி நேரத்தில் அதுவும் போய்விட்டது. டெஃப்லான் புகை பறவைகளின் நுரையீரலைத் தாக்கும் என்று டாக்டர் பிறகு சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு ராத்திரி எனக்கும் குளிரும் உடம்பு வலியும் இருந்தது, மறுநாள் சரியாகிவிட்டது. மனிதருக்கு ஃப்ளூ போல வந்து போவது பறவைக்கு உயிர் போகிற விஷயம். கூண்டை சமையலறையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தூரம் வையுங்கள். அதற்கும் மேல், காலிப் பானை அடுப்பில் விட்டு நகரவே நகராதீர்கள்.

*

(இன்னொரு வாசகர்) இந்தப் புகை விஷயத்தை முன்பே எங்கோ படித்துப் பயந்துதான் நான் செராமிக் கோட்டிங்குக்கு மாறினேன். அதில் பிடிஎஃப்இ கிடையாது, சிலிக்கா அடிப்படையில் ஆன பூச்சு, சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். முதல் நாலு மாதம் கண்ணாடி போல இருந்தது. ஒரு வருஷத்துக்குள் வழுக்கல் போய்விட்டது, அதுவும் சிம்மிலேயே வைத்துச் சமைத்தும். ஆகவே அதை வாங்குபவர்கள் குறைந்த ஆயுளுக்குத் தயாராக இருங்கள். இன்னொரு சந்தேகம்: பழைய பானில் கோட்டிங் துணுக்கு உரிந்து சாப்பாட்டில் கலந்திருக்கும் என்று வீட்டில் ஒரே கவலை. என்ன செய்வது? புதிதாக வாங்கும்போது எதைப் பார்ப்பது?

*

(கட்டுரையை எழுதியவரின் பதில்) பறவைகளைப் பற்றிப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எழுதியதற்கு நன்றி.

துணுக்கு பற்றி: பிடிஎஃப்இ எதனோடும் சேராத பொருள், வயிற்றுக்குள் போனால் அப்படியே வெளியே வந்துவிடும், பயப்பட வேண்டாம். ஆனால் அடியில் உலோகம் தெரியும் அளவுக்கு உரிந்துவிட்டால் அந்தப் பானுக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது நான் முதலில் கையில் தூக்கிப் பார்ப்பேன். கனமான அடிப்பாகம் சூட்டைப் பரப்பும், ஒரே இடத்தில் கருகாது. ஒரு ஸ்கேலை அடியில் குறுக்கே வைத்தால் வளைவு தெரிந்துவிடும். இண்டக்ஷன் அடுப்பு என்றால் ஒரு காந்தம் கொண்டுபோங்கள், அடியில் கப்பென்று ஒட்ட வேண்டும். உள்பக்கம் ஆணித் தலை தெரியாத கைப்பிடியாக இருந்தால் நல்லது, அந்த இடுக்கில்தான் பிசுக்கு சேரும்.

'பிஎஃப்ஓஏ இல்லை' என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அது கோட்டிங் தயாரிப்பில் முன்பு பயன்படுத்திய வேதிப்பொருள். அமெரிக்காவின் பெரிய தயாரிப்பாளர்கள் 2015க்குள் நிறுத்துவதாக ஒப்புக்கொண்டு கைவிட்டார்கள், 2019இல் கேடான வேதிப்பொருள்களுக்கான சர்வதேச ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்திலும் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். 2023இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்திவிட்டது, அதனால் அது இல்லாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் அந்த வரி இருப்பதால் பிடிஎஃப்இயும் இல்லை என்று அர்த்தம் கிடையாது, அதைத் தவிர்க்க விரும்புபவர்கள் கோட்டிங் எதனால் ஆனது என்று தனியாகக் கேட்க வேண்டும்.

அடுக்கி வைக்கும்போது இடையில் ஒரு பழைய துணி. என் பானுக்கு மேல் ஐந்து வருஷமாக ஒரு பழைய தலையணை உறைதான் இருக்கிறது, நான்காக மடித்து.