அலாஸ்காவுக்கு .45-70 லீவர் ரைஃபிள்: 16 அங்குலமா, 19 அங்குலமா?

நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து போய் அமெரிக்காவில் உரிமத்தோடு வேட்டையாடுகிற அண்ணன்மாருக்கு ஒரு கேள்வி. ஓசூர் மச்சான் அலாஸ்காவில் இருக்கிறார், மூஸ் (பெரிய மான் வகை) வேட்டைக்கு லீவர் ரைஃபிள், அதாவது கைப்பிடிக்குக் கீழே உள்ள நெம்புகோலைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி, தேடுகிறார். (இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை, ஊரில் கிடைக்குமா என்று யாரும் கேட்க வேண்டாம்.)

காலிபர் (தோட்டா அளவு) .45-70, அதில் மாற்றமில்லை. இழுபறி மார்லின் கம்பெனியின் 1895 ரைஃபிளில் எந்த மாடல் என்பதில்தான்: ட்ராப்பரா, எஸ்பிஎல்லா (SBL)? ட்ராப்பரின் குழல் 16 அங்குலம் சொச்சம், புதருக்குள் சுளுவாகத் திரும்பும்; எஸ்பிஎல்லுக்கு 19 சொச்சம். மேகசினில் 5 தோட்டா, எஸ்பிஎல்லில் 6. குட்டைக் குழலில் வெடிச்சத்தமும் வாய்த்தீயும் கூடும். கனத்த குண்டுக்கு வேகம் பெரிதாகக் குறையாது என்பது என் கணிப்பு.

குழாய் மேகசின் என்பதால் தட்டை மூக்குக் குண்டுதான். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், கூர்முனை முன் தோட்டாவின் பிரைமரில் (அடியில் இருக்கும் வெடிமூட்டியில்) முட்டிக்கொண்டு நிற்கும், உதையில் உள்ளேயே வெடிக்கலாம். ரப்பர் மாதிரி மென்முனை வைத்தது பரவாயில்லை.

வழக்கமான 405 கிரெய்ன் (சுமார் 26 கிராம்) குண்டுக்குக் குறியை 100 கஜத்துக்குச் சரிசெய்தால், குண்டு 200 கஜத்தில் ஏறக்குறைய 2 அடி கீழே இறங்கும். ஆகவே 150 கஜத்துக்குள் சுடுவதாகத் திட்டம்.

அனுபவசாலிகள் சொல்லுங்கள்: 3.2 கிலோ ட்ராப்பரில் அழுத்தம் கூடிய தோட்டா போட்டால் அடுத்த குறிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது? கையுறையோடு லீவரை முழுசாகத் தள்ளாமல் தோட்டா சிக்குகிறதா? வளையக் குறி போதுமா, குறைந்த பெருக்க ஸ்கோப் வேண்டுமா?