சியம் ரீப் போதுமா, பட்டம்பாங்கும் போக வேண்டுமா?

தென்றல்77: நவம்பரில் அப்பா, அம்மாவோடு கம்போடியா போகிறோம். சியம் ரீப் பக்கத்து அங்கோர் கோயில்களைப் பார்த்த பிறகு கொஞ்சம் நாள் மிச்சம். சங்கே ஆற்றங்கரையில் இருக்கும் பட்டம்பாங் போகலாமா? பிரெஞ்சுக்காரர் காலத்துக் கடைவீதிகள் அப்படியே இருக்கின்றன என்கிறார்கள்.

ஊர்சுற்றி: வேண்டாம். சாலையில் மூன்று, நான்கு மணி நேரம் போய்ப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது? தண்டவாளத்தில் ஓடும் மூங்கில் தட்டு வண்டி, அந்தப் பழைய மூங்கில் ரயிலை 2017லேயே எடுத்துவிட்டார்கள், இப்போது ஓடுவது சுற்றுலாவுக்காகப் போட்ட தடம். ஃபாரே கலைப் பள்ளியின் சர்க்கஸை சியம் ரீப்பிலேயே பார்க்கலாம். பிரெஞ்சுக் கட்டடம்தான் வேண்டும் என்றால் லாவோஸில் லுவாங் பிரபாங் இருக்கிறது, 1995லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர்.

நெல்லிமரம்: மூங்கில் ரயில் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதை விட்டுவிடலாம். சர்க்கஸ் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். தாய்லாந்து எல்லை அகதி முகாமில் ஓவியம் கற்ற இளைஞர்கள் ஊர் திரும்பி 1994ல் தொடங்கிய பள்ளி அது. பிள்ளைகள் படிப்பதும் பயிற்சி எடுப்பதும் பட்டம்பாங்கில்தான்.

கட்டடங்களையும் லுவாங் பிரபாங்கோடு ஒப்பிடாதீர்கள். இங்கே நாட் சந்தைக்குள் மீனும் காய்கறியும் விற்கிறார்கள், சுற்றியுள்ள பழைய வீடுகளில் கீழே கடை, மேலே குடித்தனம். எனக்குப் பிடித்ததே அதுதான்.

அப்புறம், எக் புனோம் கோயிலுக்குப் போகும் வழியில், தின்னும் அரிசித்தாள் செய்யும் வீடுகள். உமி எரியும் அடுப்பில் பானை, பானை வாயில் இழுத்துக் கட்டிய துணி. அதன்மேல் மாவை மெல்லிசாகத் தேய்த்து மூடி, வெந்ததும் எடுத்து மூங்கில் தட்டியில் காயப் போடுகிறார்கள். காய்ந்த தாளில் தட்டியின் கட்டங்கள் பதிந்திருக்கும். உங்கள் அம்மாவுக்கு இது நிச்சயம் பிடிக்கும்.

கரிசல்: "பிரெஞ்சு அழகு" என்ற பேச்சு எனக்கு உறுத்துகிறது. 1795 முதல் சியாமின், அதாவது அன்றைய தாய்லாந்தின், பிடியில் இருந்த ஊர், 1907 ஒப்பந்தத்தில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அவர்களுக்கு வேண்டியது இந்த மண்ணின் நெல். ஊரில் எல்லோரும் படம் பிடிக்கும் ஆளுநர் மாளிகைகூட சியாம் நியமித்த கடைசி ஆளுநருக்காகக் கட்டியது. ஊர் கைமாறியதும் அவர் குடும்பத்தோடு சியாமுக்கே போய்விட்டார். இதையெல்லாம் சொல்லாமல் மஞ்சள் சுவரை மட்டும் ரசிப்பது அங்கே உழுதவர்களுக்கு அநியாயம்.

நெல்லிமரம்: கரிசல், அதனால்தான் போகச் சொல்கிறேன். சியாமும் பிரான்சும் அடித்துக்கொண்ட நிலத்தை நேரில் பார்க்க வேண்டாமா? புனோம் சாம்பௌ குன்றில், 1970களில் நாட்டை ஆண்ட கெமர் ரூஜ் ஆட்கள் மனிதர்களைத் தள்ளிக் கொன்ற குகைகளும் இருக்கின்றன. அந்த ஊரை அழகு என்று மட்டும் சொல்லிவிட்டு யாரும் வர முடியாது.

ஊர்சுற்றி: வரலாறு சரி. வயதானவர்கள் குன்று ஏறுவார்களா? படகில் போகலாம் என்று வேறு யாராவது சொல்லுவார்கள், நாள் முழுக்கப் பலகையில் உட்கார வேண்டும்.

நெல்லிமரம்: படகு வேண்டாம், காரில் போங்கள். குன்றின் மேலே மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போவார்கள். ஏற முடியாவிட்டாலும் பரவாயில்லை. பொழுது சாயும்போது வௌவால்கள் குகையிலிருந்து கூட்டங்கூட்டமாகப் புறப்படுவதை அடிவாரத்துச் சாலையோரம் நாற்காலி போட்டே பார்க்கலாம். வயல் பூச்சிகளைத் தின்பதால் விவசாயிகளுக்கு அவை வேண்டப்பட்டவை.

ஊர்சுற்றி: நாற்காலி உண்டு என்றால் ஓர் இரவு தங்கலாம். அங்கோருக்கான நாளில் மட்டும் கை வைக்காதீர்கள், தென்றல்.