எங்கள் ஊர்க் கலைக்கூடத்தில் சந்தித்தவர்கள்

கலைக்கூடங்களில் நேர்ந்த மறக்க முடியாத சந்திப்புகளைப் பகிரச் சொல்லியிருந்தீர்கள். முன்னால் எழுதிய நண்பர்கள் பலரும் சென்னை, புதுச்சேரி, கொச்சி என்று பெரிய ஊர்க் கண்காட்சிகளைச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்லப்போவது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், பழைய சத்திரத்துக் கட்டடத்தில் ஊரார் சேர்ந்து நடத்தும் கலைக்கூடம். இரண்டு கூடங்கள், ஒரு முற்றம், பின்கட்டில் கிணறு. வார இறுதிகளில் அதைத் திறந்து பார்த்துக்கொள்ளும் பெண்களில் நானும் ஒருத்தி.

அங்கே இருந்து நான் தெரிந்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படங்களைச் சுவரில் மாட்டி, சிலைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் திறந்துவிட்டால் மக்கள் வருகிறார்கள், ஒரு சுற்றுச் சுற்றுகிறார்கள், வருகைப் பதிவேட்டில் ‘மிக நன்று’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அதே ஆட்கள் முற்றத்தில் உட்கார்ந்து சிறிது நேரம் மெழுகையோ மண்ணையோ கையில் எடுத்துவிட்டு உள்ளே போனால் காலை அங்கிருந்து நகர்த்த மாட்டேன் என்கிறார்கள். அதனால் இப்போதெல்லாம் பட்டறையை முதலில் நடத்தி, கண்காட்சியை அதன் பிறகுதான் திறக்கிறோம். திறப்பு விழாவுக்கு வரும் பெரிய மனிதர்களுக்கு இது பிடிப்பதில்லை. பரவாயில்லை.

சுவாமிமலையிலிருந்து ஸ்தபதி ஒருவர் மெழுகு வார்ப்பு சொல்லிக்கொடுக்க வந்திருந்தார். தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் கடலை எண்ணெய். மூன்றையும் ஒன்றாக உருக்கித் துணியில் வடிகட்டி, குளிர்ந்த தண்ணீரில் விட்டார். இறுகிப்போவதற்குள் எடுத்துப் பிசைய வேண்டும். அளவுகோல் எதுவும் அவர் கொண்டுவரவில்லை. செய்யப்போகும் உருவத்தின் உயரத்துக்குத் தென்னங்கீற்றை நறுக்கி, மடித்து மடித்துப் பங்கு பிரித்தார். முகத்துக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு என்று அந்த மடிப்புகளே கணக்குச் சொல்லின. தைத்துப் பழகிய பெண்கள் அதை உடனே பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் மெழுகு உருவங்களுக்கு மண் பூசும் வேலை. முதல் பூச்சுக்கு மிக நைசான வண்டல் மண் வேண்டும். மூக்கின் வளைவும் நகையின் கோடும் அந்த முதல் பூச்சில்தான் பதிகின்றன. அது நிழலில் காய்ந்ததும் அடுத்த பூச்சு, பிறகு மணல் கலந்த கரடுமுரடான பூச்சு, அதற்கு மேல் இரும்புக் கம்பிக் கட்டு. அப்புறம் எரு மூட்டத்தில் காட்டி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஓர் அச்சுக்கு ஒரே சிலை.

பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த விவசாயி ஒருவர் அதுவரை திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஸ்தபதி மண் மூட்டையை அவிழ்த்ததும் எழுந்து வந்தார். யாரையும் கேட்கவில்லை. ஒரு பிடி எடுத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நீளமாகத் தேய்த்தார். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது படுகை மண். தண்ணீர் நின்று, தெளிந்து, வடிந்த இடத்தில் மேலாக வழித்து எடுத்தது. சரிதானே ஸ்தபதி?”

ஸ்தபதி கையில் இருந்ததைக் கீழே வைத்தார். “ஐயா எந்த ஊர்?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு எங்களில் யாரும் தேவைப்படவில்லை. வயல் மண்ணில் பூசினால் ஏன் வெடிக்கும், எந்த வளைவில் மண் நைசாகப் படியும், மணல் அள்ளிய இடத்தில் ஏன் படியாது என்று இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். 1934-ல் மேட்டூர் அணை வருவதற்கு முன்னால் காவிரியில் புதுத் தண்ணீர் செக்கச்செவேல் என்று வரும், அது வயலில் பாய்ந்தாலே உரம் போட்ட மாதிரி என்று தன் தாத்தா சொன்னதை விவசாயி சொன்னார். அணையில் தேங்கும் தண்ணீரில் வண்டல் அடியில் தங்கிவிடுகிறது, கீழே வருவது குறைந்துவிட்டது. “எங்களுக்கு நெல்லில் தெரிகிறது. உங்களுக்கு எதில் தெரிகிறது?” என்று அவர் கேட்டபோது, “நல்ல மண்ணுக்கு அப்பா காலத்தைவிட அதிக தூரம் நடக்கிறோம்” என்றார் ஸ்தபதி.

சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளைப் பற்றி நான் எத்தனையோ சொற்பொழிவுகள் கேட்டிருக்கிறேன். சோறு போட்ட மண்ணும் சாமியை வார்த்த மண்ணும் ஒன்றுதான் என்பதை எவரும் இப்படிச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி திறந்ததும் அந்தப் பெரியவர் ஒவ்வொரு சிலையின் பாதத்தையும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கூடத்தில் அவ்வளவு நேரம் நின்ற பார்வையாளரை நான் கண்டதில்லை.

அதே பட்டறைக்கு வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் பிள்ளைகளைத் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு அழைத்துச் சென்றோம். 1951-ல் தொடங்கிய கூடம் அது. திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர், அதாவது காளைமேல் சாய்ந்து நிற்கும் சிவன், அங்கேதான் இருக்கிறார். 1011-ஐச் சேர்ந்த சிலை. காளை இப்போது இல்லை, அதன்மேல் சாய்ந்திருந்த கை மட்டும் சாய்ந்த வாக்கிலேயே நிற்கிறது. மற்றப் பிள்ளைகள் காளை எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் தலைப்பாகைபோல் சுற்றிய சடையையும் அதில் நெளியும் பாம்பையும் பார்த்தபடி நின்றாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, “அக்கா, இந்தப் பாம்பை மெழுகைத் திரியாக உருட்டித்தானே ஒட்டியிருப்பார்கள்? நாங்கள் வளையல் செய்தோமே, அப்படி?” என்று கேட்டாள். ஆயிரம் வருடத்துக்கு முன் ஒரு கை செய்த வேலையை இந்தக் கை அடையாளம் கண்டுகொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

தஞ்சாவூர் ஓவியப் பட்டறைக்குத்தான் எங்களிடம் எப்போதும் கூட்டம். பலகையில் துணி ஒட்டி, சுக்கான் பொடியும் பசையும் கலந்த மக்கைப் புடைப்பாகப் பூசி, கல் பதித்து, தங்கரேக்கு என்னும் மெல்லிய தங்கத் தாளை ஒட்டுவது வரை எல்லாம் உண்டு. அசல் ரேக்கு பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகாது என்பதால் போலி ரேக்கு தருகிறோம். ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. அச்சடித்த கிருஷ்ணர் கோட்டுப் படத்தைக் கொடுத்து, ஒரே நாளில் முடித்து வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்று விளம்பரம் செய்து நடத்தும் வகுப்புகள் இப்போது பெருகிவிட்டன. மக்கு காயவே நேரம் வேண்டும். காயாததன் மேல் ரேக்கு ஒட்டினால் ஆறு மாதத்தில் எழும்பி வரும். காத்திருக்கச் சொல்லித் தராத வகுப்பில் இந்த ஓவியத்தின் பாதி போய்விடுகிறது.

இனி, என்னை மிகவும் உலுக்கிய சந்திப்பு. நெட்டி வேலைப்பாடுகளுக்கென்று தனிக் கண்காட்சி வைத்திருந்தோம். குளங்களிலும் ஏரிகளிலும் வளரும் நெட்டித் தண்டை வெட்டி, உலர்த்தி, தோலைச் சீவினால் உள்ளே வெண்மையாகச் சதை இருக்கும். கையில் எடுத்தால் கனமே தெரியாது. கூரான கத்தியால் அதை இழைத்து, நறுக்கி, ஒட்டிக் கோயில் கோபுரங்கள் செய்வார்கள். தூரத்தில் பார்த்தால் தந்தம் என்றே தோன்றும். கூடத்தின் நடுவில் நெட்டியில் செய்த தஞ்சைப் பெரிய கோயில் ஒன்றை வைத்திருந்தோம். ஒரு கடையிலிருந்து இரவலாக வந்தது. கூடவே அவர்கள் தந்த அட்டையில் கடையின் பெயர், விலை, 2020-ல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி எல்லாம் இருந்தன. செய்தவர் பெயர் இல்லை. பெரும்பாலான இடங்களில் இதுதான் வழக்கம்.

மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு முதியவர் மனைவியோடு வந்தார். அந்தக் கோயிலைச் சுற்றி வந்து, ஒரு பக்கத்தில் குனிந்து, கண்ணாடிக்குள் விரலை நீட்டிக் காட்டினார். மனைவி தலையாட்டினார். நான் பக்கத்தில் போனேன்.

“இந்த விமானத்தில் மூன்றாவது நிலையிலிருந்து மேலே எங்கள் மகள் வெட்டியது அம்மா. கல்யாணமாகிப் போகிற வரைக்கும் என்னோடு உட்கார்ந்து செய்தாள். என் வெட்டுக்கும் அவள் வெட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது, பாருங்கள். அவளுடையது மெல்லிசு.”

பார்த்தேன். வித்தியாசம் இருந்தது. கீழ்நிலைகளின் விளிம்பைவிட மேல்நிலைகளின் விளிம்பு நூலளவு மெலிந்திருந்தது. காலையிலிருந்து எத்தனையோ பேருக்கு விளக்கம் சொன்ன கூடத்தில், அந்தக் கோயிலைச் செய்தவரே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்.

பெரிய கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் வீரசோழன் குஞ்சரமல்லன் பெயர் அந்தக் கோயில் சுவரிலேயே இருக்கிறது. அங்கே ஆடல் பணிசெய்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும், யாருக்கு எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும்கூடக் கல்லில் வெட்டியிருக்கிறது. அதே கோயிலின் நெட்டி வடிவத்துக்கு ஒரு பெயர் எழுத ஓர் அட்டையில் இடமில்லை என்றால் என்ன நியாயம்? அன்று சாயங்காலமே அட்டையை மாற்றினோம். தகப்பனார் பெயர், மகள் பெயர், இரண்டும். கடைக்காரர் வருத்தப்பட்டார், வாடிக்கையாளர் நேரே அவர்களிடம் போய்விடுவார்கள் என்றார். போகட்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். அதன் பிறகு, செய்தவர் பெயர் தெரியாமல் எந்தப் பொருளையும் எங்கள் கூடத்தில் வைப்பதில்லை.

இதோடு சேர்ந்ததுதான் கூலி விஷயம். ஒரு கைவினைஞரைப் பட்டறைக்கு அழைத்தால் அவருக்கு அன்றைய வேலை போகிறது. மேடையில் ஏற்றி, பொன்னாடை போர்த்தி, நினைவுப் பரிசு கொடுத்து அனுப்பிவிடும் அமைப்பாளர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பொன்னாடை உலையில் வேகாது. நாள் கூலி, பொருள் செலவு, பஸ் செலவு, சாப்பாடு எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசி, முடிந்த அன்றே கையில் கொடுத்துவிட வேண்டும். கலைக்கூடம் நடத்த நினைப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், சுவருக்கு வெள்ளையடிக்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

எங்கள் பக்கத்தில் நாள் குறிப்பதும் சுலபமில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை பிடித்துக்கொள்ளும். நடவு நாட்களில் பெண்கள் வர மாட்டார்கள், வரச் சொல்வதும் முறையில்லை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மண் பூச்சு காயாது. தை, மாசியில் சம்பா அறுவடை. ஆக, பள்ளி விடுமுறையோடு சேர்ந்து வரும் சித்திரை, வைகாசிதான் மிச்சம்.

இந்த முறை அதிலும் ஒரு சிக்கல். துணியில் கையால் வரைந்து சாயமேற்றும் கருப்பூர் கலம்காரி செய்யும் ஒருவரிடம் பேசியிருக்கிறோம். 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கலை. தேரிலும் கோயில் பந்தலிலும் உருளையாகத் தொங்கும் துணித் தொம்பைகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பயிற்சிக்குச் சம்மதித்தவர், “துணி அலச ஓடுகிற தண்ணீர் வேண்டும், கிணற்றில் இறைத்து ஊற்றினால் சாயம் சரியாக வராது” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சித்திரையில் எங்கள் ஆற்றில் மணல்தான் ஓடும். ஒரு அன்பர் மோட்டார் வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கைவேலைக்காரர் தன் வேலைக்கு இது வேண்டும் என்றால் அது வேண்டும்தான்.

ஆகவே கோடு வரைவதையும் வண்ணம் ஏற்றுவதையும் வைகாசிக் கடைசியில் முடித்துக்கொண்டு, அலசுவதற்கு மட்டும் தனியாக ஒரு நாள் வைக்கிறோம். கல்லணை திறந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டியதும், நடவு தொடங்குவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எந்த ஞாயிறு என்று இப்போது சொல்ல முடியாது. வர விரும்புகிறவர்கள் பெயர் கொடுத்து வையுங்கள், தண்ணீர் வந்த அன்று தகவல் சொல்கிறோம்.