ஒரு சிப்பி ஒரு நாளில் 190 லிட்டரா?

அலைவாய்: "கரையோரம் சிப்பித் திட்டு கட்டினால் போதும், ஒரு சிப்பியே தினம் 190 லிட்டர் நீரைச் சுத்தம் செய்துவிடும்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. வெதுவெதுப்பான நீர், ஏற்ற உப்பு, முற்றிய சிப்பி எல்லாம் கூடிவந்தால் கிடைக்கும் உச்ச அளவு அது. கடுங்குளிரில் சிப்பி தன் ஓடுகளை மூடிக்கொண்டு கிடக்கும். அப்போது எங்கே போகும் உங்கள் 190?

சிப்பித்திட்டு: எழுதியவன் நான்தான், மறைந்து பேச வேண்டாம். நியூயார்க் துறைமுகத்தில் 2035க்குள் நூறு கோடி சிப்பிகளைக் குடியேற்ற உழைக்கிறார்கள். 190இல் பாதி என்றாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். சேறு கலந்த தொட்டியில் சிப்பிகளை இட்டு நானே பார்த்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்தில் அடித்தரை தெரிந்தது.

அலைவாய்: அந்த அடித்தரையில் என்ன கிடந்தது என்று பார்த்தீர்களா? சிப்பி தனக்கு வேண்டாததைச் சளியில் சுருட்டித் துப்பும். சேறு மேலிருந்து கீழே போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்நகரில் பெருமழை பெய்தால் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் பொங்கித் துறைமுகத்தில் விழுகின்றன. அதை நிறுத்தாமல் 190, 190 என்று ஓதினால் ஆயிற்றா?

நீரோட்டம்: அந்த 190 என்பது 50 கேலன் என்ற கணக்கிலிருந்து வந்ததுதானே? 50 கேலன் 227 லிட்டர்.

அலைவாய்: அது பிரிட்டன் கேலன். அமெரிக்க கேலனில் 190தான்.

நீரோட்டம்: எந்த கேலன் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சென்ற மாதம் அடிக்கணக்கிலும் இதே போல என்னை முட்டாளாக்கினீர்கள். மறக்கவில்லை.

கற்சுவர்: சிப்பியை விட்டு வெளியே வாருங்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2017இல் முடித்த கடற்சுவரைப் பாருங்கள். சால்மன் மீன்குஞ்சுகள் இருட்டுக்குள் நுழையத் தயங்கும் என்பதால், நீருக்கு மேல் நீளும் நடைபாதையில் கண்ணாடிப் பாளங்கள் பதித்து, வெளிச்சத்தை நீருக்குள் இறக்கியிருக்கிறார்கள். பாசியும் சிற்றுயிர்களும் பற்ற, சுவர் முகத்தில் மேடுபள்ளம் வைத்திருக்கிறார்கள். வழவழப்பான கான்கிரீட்டில் எது தங்கும்?

அலைவாய்: நல்ல சுவர், மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடி ஒரு லிட்டராவது வடிகட்டுமா? பேச்சை மாற்றாதீர்கள்.

கற்சுவர்: வாழிடத்தை மீட்பதும் இதே வேலையில் சேர்ந்ததுதான். உங்களுக்கு லிட்டரைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாதா?

சிப்பித்திட்டு: 190 இல்லை என்றால் எத்தனை என்று நீங்களே சொல்லுங்கள், அலைவாய்.

அலைவாய்: எண்ணைக் கொண்டுவந்தது நீங்கள். எந்தப் பருவத்தில், எந்த அளவுச் சிப்பிக்கு என்று நீங்கள் சொல்லுங்கள். சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

நீரோட்டம்: 227.