கூலியை ஏற்றினால் வேலை போய்விடுமா? டேவிட் கார்டின் ஆய்வும் நம்ம சேலமும்

சேர்வராயன் மகள் | ஞாயிறு காலை 10.15

வணக்கம். முதுகலைப் பொருளியல் படிக்கிறேன், ஊர் ஏற்காடு பக்கம். அம்மா இருபது வருடமாக எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிறார். போன வாரம் வகுப்பில் பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தோம். அதை வீட்டில் சொன்னபோது அம்மா கேட்ட ஒரு கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

முதலில் ஆய்வு. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரல் 1 அன்று குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து பென்சில்வேனியாவில் பழைய கூலியே இருந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து 410 துரித உணவுக் கடைகளை உயர்வுக்கு முன்பு ஒரு முறை, பின்பு ஒரு முறை இருவரும் விசாரித்தார்கள். பாடப்புத்தகம் சொல்வதுபோல நடந்திருந்தால் நியூ ஜெர்சி கடைகளில் ஆள் குறைந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. அங்கே கடைக்குச் சராசரி 20.4 முழுநேர ஆள் என்றிருந்தது 21 ஆனது. கூலி ஏறாத பென்சில்வேனியாவில் 23.3 என்பது 21.2 ஆக இறங்கியது. 2021 நோபல் பரிசில் பாதி கார்டுக்குக் கிடைத்தது. க்ரூகர் 2019-லேயே இறந்துவிட்டார்.

அம்மா கேட்டது இதுதான்: "அப்படின்னா நாங்க கூலி கேட்கும்போதெல்லாம் ஆளைக் குறைச்சிடுவோம்னு சொல்றாங்களே, அது ஏன்?"

நான் நினைப்பதைச் சொல்கிறேன். அந்த மிரட்டலை இயற்கை விதி மாதிரி நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். எடப்பாடி தறியானாலும் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையானாலும், கூலி ஏறினால் வேலை போகும் என்பதை ஆதாரம் காட்டித்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எடப்பாடி தறிக்காரன் | காலை 11.02

தங்கச்சி, படிக்கிற பிள்ளை, நல்லா கேட்கிறீர்கள். ஆனால் பர்கர் கடையையும் தறிப்பட்டறையையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். நியூ ஜெர்சிக்காரன் பசித்தால் பர்கர் தின்ன குஜராத்துக்குப் போக மாட்டான். கூலி ஏறினால் கடைக்காரர் விலையில் நாலு காசு ஏற்றிவிடுவார், பக்கத்துக் கடைக்காரரும் ஏற்றுவார், முடிந்தது.

நான் துண்டு நெய்கிறேன். ஈரோட்டுச் சந்தையில் என் துண்டுக்குப் பக்கத்தில் மகாராஷ்டிரா துண்டு இருக்கிறது. வியாபாரி ஐம்பது காசு வித்தியாசத்துக்கு அந்தப் பக்கம் திரும்பிவிடுவார். விலை என் கையில் இல்லை, நூல் விலையும் என் கையில் இல்லை. மிச்சம் இருப்பது கூலி ஒன்றுதான். அதையும் சட்டம் போட்டு ஏற்றினால் நான் எதைக் குறைப்பேன்? தறியைத்தான்.

ஓய்வு பெற்ற வாத்தியார் | நண்பகல் 12.30

முப்பது வருடம் கல்லூரியில் பொருளியல் நடத்தியவன். தறிக்காரர் சொல்வதில் வலு இருக்கிறது, அதற்குச் சான்றும் இருக்கிறது. ஹங்கேரியில் 2001, 2002 ஆகிய இரண்டே வருடங்களில் குறைந்தபட்சக் கூலியை மாதம் 25,500 ஃபோரின்ட்டிலிருந்து 50,000 ஆக்கினார்கள். பேட்டர் ஹராஸ்டோசி, அட்டிலா லிண்ட்னர் என்ற இருவர் அதை ஆராய்ந்து 2019-இல் எழுதினார்கள். கூடுதல் செலவில் ஏறக்குறைய முக்கால் பங்கை விலை உயர்வாக வாங்குகிறவர்களும், கால் பங்கை முதலாளிகளும் சுமந்தார்கள். மொத்தத்தில் வேலை இழப்பு சிறியது. ஆனால் விலையை ஏற்ற முடியாத, வெளிச்சந்தையில் போட்டி போடும் தொழில்களில் இழப்பு அதிகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார்டு, க்ரூகர் ஆய்வு எதிர்ப்பில்லாமல் நின்ற ஒன்று அல்ல. தொலைபேசியில் கேட்டுத் திரட்டிய தகவல் சரியில்லை என்று நியூமார்க், வாஷர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் சம்பளப் பதிவேடுகளை வைத்து 2000-இல் மறுத்தார்கள். அதற்குக் கார்டும் க்ரூகரும் அரசுப் பதிவுகளை வைத்து அதே ஆண்டில் பதில் எழுதினார்கள். அந்தத் தகவலிலும் பெரிய இழப்பு தெரியவில்லை. நான் கார்டின் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் ஒரு ஊரில், ஒரு தொழிலில், எட்டு மாதத்துக்குள் எடுத்த கணக்கை எல்லாத் தொழிலுக்கும் நீட்டக்கூடாது, அம்மா.

சேர்வராயன் மகள் | பிற்பகல் 2.10

ஹங்கேரி ஆய்வைச் சொன்னதற்கு நன்றி சார். துண்டு வேறு, பர்கர் வேறு என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் வெளிச்சந்தை விலை என்பதாலேயே கூலி ஏற முடியாது என்றால், அந்த விலை ஏறும்போது கூலியும் ஏறியிருக்க வேண்டும் அல்லவா? ஏற்காட்டுக் காபி அரபிகா. அதன் விலையை நியூயார்க் சந்தைதான் வழிநடத்துகிறது. 2025 பிப்ரவரியில் அங்கே ராத்தல் 4 டாலரைத் தாண்டி, அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. அந்தப் பருவத்தில் அம்மாவின் பறிப்புக் கூலி கிலோவுக்கு ஒரு ரூபாய்தான் ஏறியது. விலை விழும்போது "நியூயார்க்கில் விழுந்துவிட்டது" என்று வருகிற சேதி, ஏறும்போது மட்டும் மலையேறி வருவதில்லை. பஸ் இறங்கி இரண்டு மைல் நடக்கிற பெண்களுக்கு அடுத்த எஸ்டேட் எவ்வளவு தருகிறது என்று விசாரிக்கவே ஒரு நாள் கூலி போகும். அதனால் பேரம் ஒரு பக்கம்தான் இருக்கிறது.

இதற்குப் பொருளியலில் மோனாப்சனி என்று பெயர். 1933-இல் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் எழுதியது: உழைப்பை வாங்குகிறவர் ஒருவரே, அல்லது மிகச் சிலரே என்றால், உழைப்பின் மதிப்பை விடக் கூலி கீழே இருக்கும். ஆளும் குறைவாகவே இருக்கும். அந்த நிலையில் கூலியை ஓரளவு ஏற்றினால் வேலை குறையாது, கூடவும் செய்யலாம். கார்டின் முடிவை விளக்க இதைத்தான் பலரும் எடுக்கிறார்கள். நம் ஊரில் இதன் பெயர் அட்வான்ஸ்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு | பிற்பகல் 3.45

அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத வந்தேன். நான் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை செய்கிறேன், பதினேழு வருடம். கூலி எடைக்கணக்கு.

கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கினேன். அப்புறம் தங்கை பிரசவத்துக்கு. கணக்கு தீரவே இல்லை. ரெண்டு தெரு தள்ளி ஒரு பட்டறையில் கிலோவுக்கு அதிகம் தருகிறார்கள் என்று தெரியும். போக முடியாது. புது முதலாளி என் பழைய கணக்கைத் தீர்த்தால்தான் போகலாம். நாலு வருடம் கழித்து ஒருவர் தீர்த்தார், போனேன். பழைய இடத்தில் என்ன நடந்தது தெரியுமா? என் இடத்துக்கு வேறு ஆளை, நான் கேட்டபோது கொடுக்காத அதே கூலிக்கு எடுத்தார்கள். பட்டறை மூடவில்லை, ஒரு வேலையும் போகவில்லை. அந்தக் கூலி அவர்களால் கொடுக்க முடிந்த கூலிதான். நான் கட்டுண்டு இருந்ததால் எனக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நாலு வருடம், ஐயா.

ஐந்து ரோடு வாசி | மாலை 4.20

இதெல்லாம் சரி, வடக்கிலிருந்து ஆள் வந்து குறைந்த கூலிக்கு நிற்கிறார்களே, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே? ஹோட்டல், கட்டட வேலை, இப்போது எஸ்டேட் வரைக்கும் அவர்கள்தான். அவர்கள் வராமல் இருந்தாலே கூலி தானாக ஏறும்.

ஓய்வு பெற்ற வாத்தியார் | மாலை 5.00

அதற்கும் கார்டிடமே போகலாம். 1980-இல் கியூபாவிலிருந்து சுமார் 1,25,000 பேர் படகுகளில் அமெரிக்காவுக்கு வந்தார்கள். மயாமி நகரத்தின் தொழிலாளர் எண்ணிக்கை சில மாதங்களில் 7 சதவீதம் கூடியது. 1990-இல் கார்டு எழுதிய கட்டுரை, அங்கிருந்த எளிய வேலையாட்களின் கூலி அதனால் விழவில்லை என்றது. 2017-இல் ஜார்ஜ் போர்ஹாஸ், பள்ளிப்படிப்பு முடிக்காதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் கூலி நன்றாகவே விழுந்தது என்று மறுத்தார். பெரி, யாசெனோவ் இருவரும் 2019-இல் மறுபடி ஆராய்ந்து கார்டின் பக்கம் வந்தார்கள். வந்தவர்கள் வேலை மட்டும் செய்வதில்லை. சாப்பிடுகிறார்கள், வாடகை கொடுக்கிறார்கள், அதில் இன்னொருவருக்கு வேலை. ஐந்து ரோட்டில் கடை வைத்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இதை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். தனி இழை வேண்டிய விஷயம்.

எடப்பாடி தறிக்காரன் | இரவு 8.35

கொலுசுத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பதில் எழுதவில்லை. வலிக்கிறது. ஆனால் என் பக்கமும் கேளுங்கள்.

அட்வான்ஸ் நான் கண்டுபிடித்தது இல்லை. அட்வான்ஸ் இல்லை என்றால் ஒரு ஆளும் பட்டறை வாசல் மிதிக்க மாட்டார். பாங்க் கொடுக்காது, கந்துக்காரர் வட்டி கட்ட முடியாது, அதனால் என்னிடம் கேட்கிறார்கள். வட்டியில்லாமல் கொடுக்கிறேன். எண்பதாயிரம் வாங்கிய ஒருவர் ராத்திரியோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எந்த ஊர் என்று இன்று வரை தெரியாது. அந்தப் பணத்தை நானும் கடன் வாங்கித்தான் கொடுத்தேன். கட்டி வைத்திருப்பது நான் மட்டும் என்று எழுதாதீர்கள், நானும் அதே கயிற்றில்தான் இருக்கிறேன்.

சேர்வராயன் மகள் | இரவு 9.10

அண்ணா, உங்களைக் குற்றவாளி ஆக்க எழுதவில்லை. கயிறு இரண்டு பக்கமும் இறுக்குகிறது என்பது சரி. ஆனால் ஒரு பக்கம் இருப்பவருக்குத்தான் கூலி குறைகிறது.

அட்வான்ஸோடு சட்டக்கூலிக்குக் கீழே வேலை வாங்குவதை நம் சட்டம் சும்மா விடவில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது. கூலி ஏறினால் வேலை போகுமா என்று கேட்பதற்கு முன்னால், சட்டத்தில் இருக்கிற கூலி பட்டறைக்குள் வந்ததா என்று கேட்க வேண்டியிருக்கிறது. நியூ ஜெர்சியில் அந்தக் கேள்வி எழவில்லை. அங்கே 5.05 என்றால் கடைகள் 5.05 கொடுத்தன. இந்த ஆய்வை இங்கே அப்படியே நட முடியாததற்கு எனக்குத் தெரிகிற பெரிய காரணம் இதுதான். துண்டு, பர்கர் வித்தியாசம் அதற்கு அடுத்தது.

ஓய்வு பெற்ற வாத்தியார் | இரவு 9.40

அம்மா, இதை ஏற்கிறேன். ஆனால் கூலி ஏறிய பிறகு இறங்காது என்பதையும் கணக்கில் எடுங்கள். பொருளியலாளர் சுப்ரீத் கௌர் 1956 முதல் 2009 வரை இந்திய மாவட்டங்களின் மழையையும் விவசாயக் கூலியையும் சேர்த்து ஆராய்ந்தார். நல்ல மழை வருடம் கூலி ஏறுகிறது. அடுத்த வருடம் மழை சாதாரணமாகிவிட்டாலும் கூலி இறங்குவதில்லை, வேலை நாட்கள்தான் குறைகின்றன. குறைந்த கூலிக்குப் போவதை ஊர் தவறாகப் பார்க்கிறது. நம் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்துப் பேர் பார்க்க ஒருவன் குறைத்து வேலைக்குப் போனால் அவன் வீட்டு விசேஷத்துக்கு யார் வருவார்கள்? கூலியை அவசரப்பட்டு ஏற்றிவிட்டால் திரும்பி வர வழியில்லை, அதனால்தான் நான் தயங்குகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு | இரவு 9.55

எங்களுக்குத் திரும்பி வர வழி இருக்கிறது சார். வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் குறைகிறது, அன்றைக்கு எடைக்கணக்கில் எங்கள் வருமானம் தானாக இறங்குகிறது. இறங்குவது எங்களுக்குப் பழக்கம்தான்.

சேர்வராயன் மகள் | இரவு 10.05

தறிக்கார அண்ணா, ஒன்று கேட்க வேண்டும். தப்பாக நினைக்காதீர்கள். கூலி ஏறினால் தறியைக் குறைப்பேன் என்று காலையில் எழுதினீர்கள். இதற்கு முன் குறைத்திருக்கிறீர்களா? எப்போது?

எடப்பாடி தறிக்காரன் | இரவு 10.30

குறைத்திருக்கிறேன். இருபத்து நாலு தறி இருந்தது. நாலை எடை போட்டுப் பழைய இரும்புக்குக் கொடுத்தேன். 2022 மே மாதம். நூல் விலை கன்னாபின்னாவென்று ஏறிய நேரம். நெய்தால் நஷ்டம், நிறுத்தினாலும் நஷ்டம். லாரியில் ஏற்றும்போது என் மகன் பார்க்க வரவில்லை.

சேர்வராயன் மகள் | இரவு 10.34

கூலி எப்போது ஏற்றினீர்கள்?

எடப்பாடி தறிக்காரன் | இரவு 10.50

2023 பொங்கலுக்கு. தறி போனது முன்னால், கூலி ஏறியது பின்னால். நீங்கள் எதற்குக் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. கூலி ஏறிய பிறகு ஒரு ஆளையும் நான் நிறுத்தவில்லை, அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் நூல் விலை இறங்கிய பிறகு அந்த நாலு தறியைத் திரும்ப வாங்கலாம் என்று கணக்குப் போட்டேன். புதுக் கூலியை வைத்துப் போட்டபோது கட்டுப்படியாகவில்லை. வாங்கவில்லை. அந்த இடத்தில் இப்போது ஊடை நூல் மூட்டை அடுக்கியிருக்கிறேன். வேலை போனதைத்தான் நீங்கள் எண்ணுகிறீர்கள் தங்கச்சி. வராமல் போன வேலையை எந்த ஆய்வில் எண்ணுவீர்கள்?

சேர்வராயன் மகள் | இரவு 11.20

கார்டின் எட்டு மாதக் கணக்கில் அது வராது. அந்த நாலு தறியில் ஓடியிருக்கக்கூடிய ஒரு ஆளின் வேலை, இருபது தறியில் ஓடுகிறவர்களுக்கு ஏறிய கூலி, இரண்டும் உங்கள் நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. 2019 முதல் உள்ள கூலிக் கணக்கை என் ஆய்வேட்டுக்காகப் பார்க்கத் தருவீர்களா அண்ணா? பெயர் போட மாட்டேன். கொலுசு அண்ணா, உங்கள் அட்வான்ஸ் சீட்டு இருந்தால் அதுவும்.

எடப்பாடி தறிக்காரன் | இரவு 11.31

வெள்ளிக்கிழமை பட்டறை லீவு. வாருங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர் கேட்ட கேள்விக்கு நேரில் பேசலாம்.