குரலின் ஏற்ற இறக்கத்திலிருந்து பொருளைப் பிரித்தறிவது: புது ஆள் பேசினால் மாடல் தடுமாறுகிறது

கேள்விக்குறி:
சொற்கள் அதேதான், பொருள் மட்டும் வேறு. இதைக் குரலின் ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க ஒரு மாடல் செய்து வருகிறேன். 12 பேர், ஆளுக்கு 40 சிறு பதிவுகள்: "சரி", "அவன் ஊருல இல்ல", "வந்துட்டானா" போன்றவை. கூற்று, கேள்வி, வியப்பு, ஐயம் என்று 4 லேபிள். பிராட் என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் 75–500 ஹெர்ட்ஸ் வரம்பு வைத்து பிட்ச் (குரலின் அடிப்படை அதிர்வெண்) எடுத்தேன். சராசரி, உச்சம், வீச்சு, கடைசிச் சரிவு ஆகிய அம்சங்களை ராண்டம் ஃபாரஸ்ட் என்ற, பல முடிவு மரங்களின் வாக்கெடுப்பால் விடை சொல்லும் மாடலுக்குக் கொடுத்தேன். பதிவுகளைக் கலைத்துப் பிரித்தால் விடை நன்றாகவே வருகிறது. பயிற்சியில் இல்லாத ஒருவரின் குரலைக் கொடுத்தால் குருட்டாம்போக்குதான். இன்னும் டேட்டா வேண்டுமா, இல்லை அம்சங்களே தவறா?

ஒலிவரி:
டேட்டா அப்புறம். முதலில் பிட்ச்சைச் சரிசெய்யுங்கள்.

எல்லாருக்கும் ஒரே வரம்பு வைத்தால் ஒருவருக்குப் பாதி அதிர்வெண்ணும் இன்னொருவருக்கு இரட்டிப்பும் வந்து விழும். அடுத்தடுத்த 10 மில்லிவினாடித் துண்டுகளுக்குள் 12 செமிடோன் (இசையின் அரைச்சுரம்; 12 ஏறினால் அதிர்வெண் இரட்டிப்பு) தாவினால் அநேகமாக அந்தப் பிழைதான். இரண்டு சுற்றாக எடுங்கள். முதல் சுற்று அகலமாக, 50–700. அதிலிருந்து அந்த ஆளின் முதல் கால்மானத்தை (அளவுகளில் கால்வாசி இதற்குக் கீழே இருக்கும்) 0.75-ஆல் பெருக்கினால் கீழ்வரம்பு. மூன்றாம் கால்மானத்தை (முக்கால்வாசி இதற்குக் கீழே) 1.5-ஆல் பெருக்கினால் மேல்வரம்பு. வியப்புப் பதிவுகளில் குரல் எகிறும், அங்கே 1.5 போதாது, 2.5 வரை போகலாம்.

அடுத்து, ஹெர்ட்ஸை விட்டுவிடுங்கள். 100-லிருந்து 150-க்கு ஏறுவது 7 செமிடோன்; 220-லிருந்து 270-க்கு ஏறுவது மூன்றரைதான். இரண்டுமே 50 ஹெர்ட்ஸ். உங்கள் மாடல் ஏற்றத்தைவிட ஆளைத்தான் கற்றிருக்கிறது. பேசுபவரின் இடைநிலை அதிர்வெண்ணை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) அடியாகக் கொண்டு செமிடோனுக்கு மாற்றுங்கள். ஆளுக்கு ஆள் மட்டும் சமன்செய்யுங்கள். ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாகச் சமன்செய்தால் வியப்பில் குரல் முழுவதுமே மேலே போகும் அந்தச் செய்தி அழிந்துவிடும்.

சராசரி மட்டும் போதாது. ஏறி முடியும் "சரி"யும் இறங்கி முடியும் "சரி"யும் ஒரே சராசரி காட்டலாம். அசைக்கு 10 புள்ளி வீதம் பிட்ச் வளைவை எடுத்து, அசையின் நீளத்தைத் தனி அம்சமாக வையுங்கள். உச்சம் எந்த அசையில், அதன் தொடக்கத்திலா முடிவிலா என்பது பொருளை மாற்றக்கூடிய இடம்; பதிவு முழுவதையும் ஒரே நீளமாக இழுத்தால் அது நகர்ந்துவிடும்.

இறுதியில் குரல் கரகரத்துப் பிட்ச் அறுந்தால் கோடு போட்டு நிரப்பாதீர்கள், இல்லாத வளைவை நீங்களே வரைந்தது போலாகும். "கரகரப்பு உண்டு" என்று தனியாகக் குறியுங்கள். இன்னொன்று: ஒலிப்பில்லாத வல்லெழுத்துக்குப் பின் வரும் உயிரின் தொடக்கம் தானாகவே சற்று உயரும். "அவன் ஊருல இல்ல" முழுக்க ஒலிப்புள்ள ஒலிகள், அருமையான வாக்கியம். அப்படிப்பட்டவற்றையே கூட்டுங்கள்.

அசைபிரிப்பவர்:
மேலே சொன்னதெல்லாம் தேவை. ஆனால் எனக்கு லேபிள்கள்தான் உறுத்துகின்றன.

"வந்துட்டானா"வில் கேள்வியை "ஆ" விகுதியே சுமக்கிறது. அங்கே குரலுக்கு வேறு வேலை: உண்மையிலேயே கேட்கிறாரா, தெரிந்ததை உறுதி செய்கிறாரா, நம்ப முடியாமல் சொல்கிறாரா. "அவன் ஊருல இல்ல?" என்பதில் கேள்வியையே குரல்தான் சுமக்கிறது. இரண்டையும் "கேள்வி" என்று ஒரே பெட்டியில் போட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரு வளைவுகளின் சராசரியைத்தான் மாடல் தேடும்.

லேபிளை மூன்று தனிக் கேள்விகளாக உடைத்துப் பாருங்கள். சொன்னதற்குப் பேசுபவரே பொறுப்பேற்கிறாரா, கேட்பவரிடம் விடுகிறாரா? எதிர்பார்த்த செய்தியா? பேச்சு முடிந்ததா, தொடருமா? மூன்றாவதை விட்டுவிட்டால் "இன்னும் சொல்லப்போகிறேன்" என்ற ஏற்றமும் கேள்வியின் ஏற்றமும் கலந்துபோகும். பேச்சின் ஏற்ற இறக்கத்தை ஆராய்ந்த பியர்ஹம்பர்ட்டும் ஹிர்ஷ்பெர்க்கும் 1990-இல் ஆங்கிலத்துக்குச் சொன்னதும் இந்தப் போக்குதான்: ஓர் இசைவளைவுக்கு மொத்தமாக ஒரு பொருள் இல்லை, அதன் உறுப்புகள் ஒவ்வொன்றும் சிறு பங்கு தருகின்றன.

மிச்சத்தைச் சூழல் தருகிறது. எடுத்துக்காட்டுக்கு, ஒரு வளைவு வியப்பில் வரும் வாய்ப்பு 0.6, கூற்றில் 0.2 என்று வைப்போம். முந்தைய உரையாடலைப் பார்த்தால் வியப்புக்கு 0.1, கூற்றுக்கு 0.9. பெருக்கினால் 0.06, 0.18. வளைவு வியப்பின் பக்கம் நின்றும் கூற்றே மூன்று மடங்கு வெல்கிறது. ஆகவே வளைவுக்கு ஒரு மாடல், சூழலுக்கு ஒரு மாடல் என்று பிரித்து வைத்துப் பிறகு பெருக்குங்கள்.

பதிவின்போது "வியப்போடு சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். நாடகக் குரல் வரும். முந்தைய வரியை ஒருவர் பேச, இவர் பதில் சொல்லட்டும். பிறகு சூழல் தெரியாத மூவருக்கு ஒலியை மட்டும் போட்டு லேபிள் கேளுங்கள். அவர்களே ஒத்துப்போகாத பதிவைக் கொண்டு மாடலைக் குறை சொல்ல முடியாது.

கேள்விக்குறி:
மிக்க நன்றி. வளைவு எடுக்கும் சிரமமே வேண்டாமென்று வேவ்டுவெக் 2.0 போன்ற, ஏராளமான பேச்சொலியில் ஏற்கெனவே பயிற்றுவித்த மாடலின் வெளியீட்டை நேரே பயன்படுத்தினால்?

ஒலிவரி:
பயன்படுத்தலாம். ஆனால் அதற்குள் சொற்களும் ஆளின் அடையாளமும் சேர்ந்தே இருக்கும். "ஆ" விகுதியைக் கேட்டே கேள்வி என்று சொல்லிவிடும், ஏற்ற இறக்கத்தைத் தொடவே தொடாது. அதனால் எழுத்தை மட்டும் வைத்து ஒரு மாடல் பயிற்றுவித்து ஒப்பிடுங்கள். இரண்டும் சமமென்றால் குரலிலிருந்து எதுவும் கற்கவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் எல்லாப் பொருளிலும் பதிவாகியிருக்க வேண்டும். சோதனையில் ஒருவரை முழுவதும் விலக்கி, 11 பேரில் பயிற்சி, இப்படி 12 முறை. வாக்கியத்தையும் அதேபோல் விலக்கிப் பார்த்துவிடுங்கள்.